மாகறல் என்று எழுதிய படிவம்

"நீங்கள் இந்த ஊருக்கு எந்த ஆண்டு வந்தீர்கள்?"

இந்த ஒரு கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிவத்தில் அது ஏழாவது கேள்வி. அதைக் கேட்டுக்கொண்டு காஞ்சிபுரத்துத் தெருக்களில் எட்டு மாதம் வெயிலில் அலைந்தேன். அறுபதுகளின் கடைசி. பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அப்பா தறியை விட்டு எழுந்திருக்காமலே, "படிச்சிட்ட சரி, இன்னா பண்ணப் போற?" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்பார். அந்தத் தொல்லை தாங்காமல்தான் சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியரின் ஆய்வில் வீடு வீடாகப் போய்த் தகவல் எழுதும் வேலையில் சேர்ந்தேன்.

ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டால் பேராசிரியர் நீளமாகச் சொல்வார். இடம்பெயர்ந்து வந்தவர்களை அரசாங்கம் எப்படி நடத்துகிறது, அவர்கள் ஊரோடு எப்படி ஒன்றுகிறார்கள், பல மொழியும் பல வழக்கமும் உள்ளவர்கள் ஒரே தெருவில் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் ஊரை அவர் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் வைத்திருந்தார். தமிழ் பேசும் நெசவுக் குடும்பங்கள், தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பங்கள், சுற்றுக் கிராமங்களில் சமணர்கள், போதாததற்குப் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்தவர்கள். "இந்தத் தெருவே ஓர் ஆய்வுக்கூடம் அம்மா," என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நாம இன்னா, எலியா?" என்று கேட்டுவிட்டுத் தறியின் நாடாவைத் தள்ளினார்.

படிவத்தில் நாற்பத்தேழு கேள்விகள். ஒவ்வொரு படிவத்தின் மேல் மூலையிலும் ஒரு நம்பர் அச்சடித்திருந்தது. ஒன்று குறைந்தாலும் தனக்குத் தெரிந்துவிடும் என்று பேராசிரியர் முதல் நாளே எச்சரித்தார். இன்னொன்றும் சொன்னார். "அவர்கள் சொல்வதை எழுதுங்கள். நீங்களாக யோசித்து எதையும் சேர்க்காதீர்கள்." எனக்குச் சுருக்கென்றது. யோசிக்காமல் எழுத பி.ஏ. எதற்கு என்று மனதுக்குள் திட்டினேன். அந்த மனிதர் எனக்குச் சொன்னதிலேயே உருப்படியான விஷயம் அது ஒன்றுதான் என்று அப்போது தெரியவில்லை.

தெரிந்த வீட்டில் ஆரம்பிப்போம் என்று எதிர் வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெரியம்மா. எங்களுக்கு உறவில்லை, தெருவில் எல்லாருக்கும் அவர் பெரியம்மா. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலுக்கு வந்தால் தமிழ். தெருக் குழாயடி அவர் ராஜ்ஜியம். அவர் சொல்கிற வரிசையில்தான் குடம் நகரும்.

"பெரியம்மா, நீங்க இந்த ஊருக்கு எந்த வருஷம் வந்தீங்க?"

"இன்னாடி கேட்ட?"

"நான் கேக்கல பெரியம்மா. இதுல அச்சடிச்சிருக்குது."

"ஏமம்மா! உங்கப்பன் பொறந்தப்போ மருந்து காய்ச்சிக் குடுத்தது எங்க மாமியாரு. கோயில்ல சாமிக்குச் சாத்தற பட்டு எங்க தறியில நெய்ஞ்சது. எங்களப் பாத்தா எப்ப வந்தன்னு கேக்கற? நீ எப்படி வந்தடி, எப்ப வந்த?"

"வூட்ல தெலுங்கு பேசறீங்க இல்ல, அதனால..."

"வூட்டுக்குள்ள தெலுங்கு பேசறேன். இப்போ உன்ன எந்த பாஷையில திட்டிக்கினு இருக்கறேன்?"

அதோடு பேச்சு முடிந்தது. அவர் குடத்தை நங்கென்று வைத்த வேகத்தில் என் படிவமெல்லாம் தண்ணீர். அன்றிலிருந்து என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். பேராசிரியரிடம் போய்ச் சொன்னால், வீட்டு மொழி தமிழ் இல்லையென்றால் 'வந்தவர்' பக்கம் எழுதுங்கள், அதுதான் விதி என்றார். எத்தனை தலைமுறையானாலுமா என்று கேட்டேன். விதி என்றால் விதிதானாம்.

எங்கள் தெருவில் 'வந்தவங்க' என்பது வசைச்சொல். இதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவே இல்லை. தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் ஏற்றும் முன்னால் பாவை, அதாவது நெடுக்கு நூலை, விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். அறுந்த இழையைத் தேடித் தேடி முடிபோடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. அக்கம்பக்கமெல்லாம் வந்து கை கொடுக்கும். நம் பாவில் கை வைத்தவர் நம்மவர். அவரை அதற்கப்புறம் வந்தவர் என்று யாரும் சொல்லக் கூடாது. அதுவும் பாவில் கை இருக்கும் நேரத்தில் யாரைப் பற்றியும் ஒரு சொல் தாழ்வாகச் சொல்லக் கூடாது. சொன்னால் இழை அறும். முந்தின நாள் குடுமிப்பிடிச் சண்டை போட்டவர்கள்கூட எதிரும் புதிருமாக நின்று வாயை மூடிக்கொண்டு முடிபோடுவார்கள்.

அப்படிக் கை வைத்தவர்களில் ஒருவர்தான் பர்மாக்கார அக்கா. அவர் காதுபட அப்படிக் கூப்பிடுகிறவர் எதிர் வீட்டுப் பெரியம்மா மட்டும்தான். "ஏ பர்மாக்காரி, கொடத்த எடு," என்று குழாயடியில் தினமும் சத்தம் கேட்கும். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் ரங்கூனிலேயே இறந்துபோனார். பத்தாவது படிக்கும் மகளோடு, மூலை வீட்டுக்காரரின் பின்பக்கக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தார். தெருவில் நாலைந்து வீடுகளுக்கு ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் போகும் குறுக்கு நூல், சுற்றிக் கொடுப்பார். வந்த புதிதில் அவர் தமிழ் வேறு மாதிரி இருந்தது. இரண்டே வருடத்தில் எங்களைப்போலவே 'இன்னா' போட ஆரம்பித்துவிட்டார். அறுந்த இழையை முடிபோடுவதில் அவர் விரலுக்கு ஈடு தெருவில் இல்லை.

அவருக்கும் ஏழாவது கேள்வியைக் கேட்டேன். ராட்டை நின்றது.

"எழுதித்தான் ஆவணுமா?"

"ஆமாக்கா."

"ஸ்கூல்ல பொண்ண 'பர்மா, பர்மா'ன்னு கூப்புடறாங்களாம். அழுதுக்கினு வருது. நீயும் அதையே எழுதிக்கினு போறியேம்மா."

எனக்குக் கூசிப்போய்விட்டது. பேனாவை மூடிவிட்டு, எங்கள் ஊரில் எல்லாரும் கேட்பதைக் கேட்டேன். "உங்களுக்குக் குலதெய்வம் எந்த ஊருக்கா?"

"எங்க தாத்தா மாகறல்னு சொல்லுவாரு. தெனம் காலைல அந்தப் பக்கமா திரும்பிக்கினு கும்புடுவாரு. ரங்கூன்லேர்ந்து மாகறல் எந்தப் பக்கம்னு அவருக்குத்தான் தெரியுமா, இன்னாவோ."

"மாகறலா? அட, அப்போ நம்ம பக்கம்தான்க்கா நீங்க! பஸ்ஸு ஏறினா அர மணி நேரம்!"

குதித்துக்கொண்டு எழுதினேன். சொந்த ஊர் என்ற இடத்தில் 'மாகறல்'. இந்த ஊருக்கு வந்த ஆண்டு என்ற இடத்தில் 'பொருந்தாது'. எழுதியதைப் படித்தும் காட்டினேன். அக்கா ரங்கூனில் பள்ளிக்கூடத்தில் பர்மிய எழுத்துத்தான் படித்தவர். தமிழ் எழுத்து அவருக்கு ஓடாது. "இன்னொரு வாட்டி படிம்மா," என்றார். படித்தேன். எந்த எழுத்து மாகறல் என்று கேட்டார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். ஒருத்தரை ஊர்க்காரராக ஆக்கிவிட்ட பெருமையில் நான் அதைக் குடித்தேன். என்ன திமிர்.

ஐந்தாறு மாதம் போயிருக்கும். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே அரசாங்கம் வீட்டு மனை கொடுப்பதாக அறிவிப்பு வந்தது. திரும்பிப் போகச் சொந்த ஊரோ உறவோ இல்லாதவர்களுக்கு மட்டும். அக்காவுக்கு அது கடவுளே அனுப்பிய மாதிரி. மூலை வீட்டுக்காரர் கொட்டகையை இடித்துவிட்டு இன்னொரு தறி போடப் போகிறார், ஆடி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு அவருக்குப் போக வேறு இடம் கிடையாது. மனு போட்டார். மூன்றாம் வாரம் ஒரு காகிதம் வந்தது. அதைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடமே கொண்டுவந்தார்.

மனுதாரரின் சொந்த ஊர் மாகறல் என்று ஆய்வுப் பட்டியலில் கண்டிருப்பதால் மனை கோரத் தகுதியில்லை. அவ்வளவுதான் அதில் இருந்தது.

 சனிக்கிழமைதோறும் வந்து என் படிவங்களைப் பார்த்துப் பேராசிரியர் எழுதிக்கொண்ட பட்டியல் அரசாங்க ஆபீசுக்கு எப்படிப் போனது? உட்கார ஒரு மேஜையும் நாற்காலியும் கொடுத்து உதவியதற்குப் பதிலாகப் பேராசிரியர் அவர்களுக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறார். அந்தப் பட்டியலை நான் பிறகு பார்த்தேன். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் எதிர் வீட்டுப் பெரியம்மா வந்தவர் பக்கத்தில் இருந்தார். கப்பலில் வந்து இரண்டு வருடமே ஆன அக்கா ஊர்க்காரர் பக்கத்தில் இருந்தார். முதலாவது விதியின் லட்சணம். இரண்டாவது என் லட்சணம்.

"அக்கா, இது நான் எழுதினது," என்றேன்.

"தெரியும்மா. நல்லதுக்குத்தான எழுதின."

திட்டியிருந்தால் தேவலை.

"மாகறல்ல யாராவது இருக்கறாங்களாக்கா? பங்காளிங்க, தாயாதிங்க?"

"நீ எழுதிக்கினு போன மறுவாரம் போய்ப் பாத்தேன். பொண்ணையும் இட்டுக்கினு. தாத்தா பேரச் சொல்லித் தெருத் தெருவா கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. கோயில்ல குருக்களு விபூதி குடுத்தாரு. வாங்கிக்கினு அடுத்த பஸ்ஸுலயே வந்துட்டோம்."

 அடுத்த சனிக்கிழமை பேராசிரியர் வந்ததும் அவர் தங்கும் லாட்ஜுக்குப் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த அம்மா மாகறல் என்று சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாங்க சார். ஆனா நான்தான் குலதெய்வத்தைக் கேட்டு..."

"சொன்னார், எழுதினீர்கள். முடிந்தது. ஒரு தரவைத் திருத்தினால் எதை வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஆகிவிடும்."

"சார், அவங்களுக்கு வீடு போயிடும்."

"வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வந்து இரண்டே வருடம். அதற்குள் தன்னை ஊர்க்காரராகவே உணர்கிறார். ஒருங்கிணைப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்குமா?"

சொல்லிக்கொண்டே அதைத் தன் நோட்டில் எழுதினார். மேஜையில் இருந்த மைக்கூட்டை எடுத்து அவர் வெள்ளைச் சட்டைமேல் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில், ஆபீசிலிருந்தே ஆள் வந்து தெருவில் விசாரித்து எழுதினால் பட்டியலை அவர்கள் பார்க்கமாட்டார்கள், அதற்கு மனு கொடுங்கள் என்று வழி சொன்னார். அந்தமட்டுக்கு நல்லவர்.

மனு எழுதி நானே அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா கப்பலில் வந்ததற்கு அக்கா வைத்திருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்தது சரிம்மா. இங்க பூர்வீகம் இல்லன்றதுக்கு இன்னா ருசு?" என்றார். இல்லாததற்கு எங்கே போய் அத்தாட்சி தேடுவது? தெருவில் ஐந்து பேர், இவர் வெளியூர், இங்கே இவருக்கு யாரும் இல்லை என்று விசாரணையில் சொல்லிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். புதன்கிழமை மத்தியானம் இன்ஸ்பெக்டர் வருவாராம்.

இரண்டு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "யார் கேட்டாலும் வெளியூர்னு சொல்லணும், புரியுதா?" எல்லாருக்கும் புரிந்தது. "இதுக்கின்னாமா, சொல்லிட்டாப் போச்சு," என்றார்கள். மூலை வீட்டுக்காரர் தலையைத் தலையை ஆட்டினார். எதிர் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. அந்தப் பெரியம்மாதான் என்னோடு பேசுவதில்லையே. அதோடு, அவர் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பயம்.

புதன்கிழமை மத்தியானம் வர வேண்டிய மனிதர் காலையிலேயே வந்து தொலைத்தார். அன்றைக்குப் பார்த்து எங்கள் அப்பாவின் பாவு தெருவில் கட்டியிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவர் மேலே வர வழியில்லாமல் நின்றார். தெருவே பாவின் இரண்டு பக்கமும் நின்று முடிபோட்டுக்கொண்டிருந்தது. நட்ட நடுவில் அக்கா. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அங்கேயே ஃபைலைத் திறந்தார். நான் கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் மூலை வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டார்.

"இந்த அம்மா வெளியூராய்யா?"

"வெளியூரா? யாரு சார் சொன்னது? நம்ம வூட்டுப் பொண்ணு சார்."

சொன்னது யார்? ஆடிக்குள் கொட்டகையைக் காலி செய்யச் சொன்ன அதே மனிதர்! நான் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இன்ஸ்பெக்டர் அடுத்தவரைக் கேட்டார். "நம்மவங்கதான் சார், மாகறல் பக்கம்," என்றார் அவர். மாகறல் என்று தெரு முழுக்கப் பரப்பி வைத்தவளும் நான்தானே. மூன்றாவதாக என் அப்பாவிடம் வந்தார்.

"என் பாவுல கை வெச்சிருக்கறாங்க பாருங்க சார். வெளியூருக்காரங்க கையில பாவு குடுப்பமா?"

"அப்பா!" என்று பல்லைக் கடித்தேன். அவர் குனிந்து, "பாவுல கைய வெச்சிக்கினு எப்படிம்மா அப்படிச் சொல்றது?" என்று முணுமுணுத்தார்.

இன்ஸ்பெக்டர் ஃபைலை மூடினார். "ஊரே சொந்தம்னு சொல்லுது. இதுக்கு ஒரு மனுவா?" என்று என்னைப் பார்த்தார். எனக்குத் தலையே வெடித்துவிடும்போல இருந்தது. ஒரு குடும்பம் தெருவில் நிற்கப் போகிறது, இவர்கள் மரியாதை பார்க்கிறார்கள்! என்ன பேசுகிறேன் என்று தெரியாமல் கத்திவிட்டேன். "அய்யோ, யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து அவங்க நம்மவங்க இல்லன்னு சொல்லித் தொலைங்களேன்!"

தெரு அப்படியே நின்றது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. விரல் மட்டும் முடிபோட்டுக்கொண்டிருந்தது.

அப்போது எதிர் வீட்டுப் பெரியம்மா இறங்கி வந்தார். போச்சு, இனி இதுவும் சேர்ந்துகொண்டதா என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அக்காவிடம் போனார்.

"ஏ பர்மாக்காரி, பாவ வுடு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"வுடுன்றேன். அந்த முடியப் போட்டுட்டு வுடு. அறுத்துட்டுப் போவாத."

அக்கா அந்த முடியைப் போட்டார். இழையை நீவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். பெரியம்மா அவர் தோளைப் பிடித்துச் சாக்கடை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோ சார். இவ வந்தவ. கப்பல்ல வந்தா. இங்க இவளுக்கு அப்பன் இல்ல, ஆத்தா இல்ல, ஒரு புடி மண்ணு இல்ல. இதையேதான் தெனம் கொழாயாண்ட நான் சொல்லிக்கினு இருக்கறேன். வேணும்னா கேட்டுப் பாரு."

இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். பெரியம்மா தெருவைப் பார்த்து, "இன்னா மரமாட்டம் நிக்கறீங்க? பாவுலேர்ந்து கைய எடுத்துட்டு வந்து சொல்லுங்க. அவளுக்கு வூடு வேணுமா, வேணாமா?" என்றார்.

மூலை வீட்டுக்காரர் கையை எடுத்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். "வந்தவங்கதான் சார்." கையெழுத்துப் போட்டார். அடுத்தவர் வந்தார். "ஆமா சார், வெளியூரு. இங்க யாரும் இல்ல." என் அப்பா வந்தார். அவருக்குக் குரலே எழும்பவில்லை. இன்ஸ்பெக்டர் சத்தமாகச் சொல்லச் சொன்னதும் இன்னொரு தடவை சொன்னார். ஐந்து பேர் போதும் என்றுதான் விதி. ஆரம்பித்த பிறகு யாருக்கும் நிறுத்தத் தெரியவில்லை. ஒன்பது பேர் சொன்னார்கள். அக்கா சாக்கடை ஓரத்தில் நின்றபடி ஒவ்வொருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். முதலில் மாகறல் என்று எழுதியது நீங்கள்தானே, அது தவறு என்று நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். பி.ஏ. என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

அவர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு பெரியம்மா பல மாதத்துக்கு அப்புறம் என்னிடம் பேசினார். "படிச்சவளாச்சே நீ. எங்கிட்ட நீ ஒரு வாட்டி 'எப்ப வந்த'ன்னு கேட்டதுக்கே எனக்கு ராத்திரி சோறு எறங்கல. அவ 'வந்தவ'ன்ற சொல்ல ஒம்போது வாட்டி கேட்டுக்கினு நின்னா, பாத்த இல்ல?" என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அக்கா திரும்பப் பாவுக்கு வரவில்லை. கொட்டகைக்குப் போய்விட்டார். வெயில் ஏறிக் கஞ்சி காய்ந்து அன்றைக்கு நிறைய இழை அறுந்தது. பாவில் ஓர் இழை அறுந்தாலே வீட்டை இரண்டாக்கும் என் அப்பா அன்றைக்குக் குனிந்து ஒவ்வொன்றாக முடிபோட்டார்.

மனை கிடைத்தது. ஊருக்கு வெளியே, பஸ் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வெறும் கல்லாங்குத்து. ஆடிப் பாதியில் அக்கா அங்கே கூரை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு தெருவில் ஒரு பாவு கட்டினார்கள். அக்காவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஏனப்பா கூப்பிடவில்லை என்று சண்டை போட்டேன். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்புடறது?" என்றார். வந்தவள் என்று சொல்ல அன்றைக்கு மரியாதை தடுத்தது. வா என்று கூப்பிட இன்றைக்கு வெட்கம் தடுக்கிறது. இவர்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

கொட்டகையைக் காலி செய்த அன்றைக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சாமானெல்லாம் மாட்டுவண்டியில் ஏற்றியாகிவிட்டது. மகள் வண்டியில் ராட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றார்.

"அந்தக் காயிதம் உங்கிட்டதான இருக்குது?"

"எதுக்கா?"

"மொதல்ல எழுதினது. மாகறல்னு. அதுதான் தப்புன்னு எழுதிக் குடுத்தாச்சே. இனிமே அது யாருக்கும் வேணாம் இல்ல? எனக்குக் குடேன்மா."

படிவங்கள் எல்லாம் கட்டாக என் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தன. அடுத்த வாரம் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ஒரு தடவை நானாக யோசித்துப் பட்ட பாடு போதும், இனிமேல் விதிப்படிதான் நடப்பது என்று நான் சபதமே எடுத்திருந்த நேரம் அது.

"நம்பர் போட்டதுக்கா. ஒண்ணு கொறஞ்சாலும் கேப்பாங்க. திருப்பி அனுப்பணும்."

"ஆமா, நம்பர் போட்டிருந்தா குடுக்க முடியாதுதான்," என்றார். ரங்கூன் துறைமுகத்திலிருந்து எங்கள் ஊர் ஆபீஸ் வரைக்கும் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர். அவருக்கா இது புரியாது?

"அப்போ ஒரு வாட்டி படிச்சாவது காட்டும்மா."

பெட்டியைத் திறந்து தேடி எடுத்தேன். படித்தேன். சொந்த ஊர், மாகறல். இந்த ஊருக்கு வந்த ஆண்டு, பொருந்தாது. கேட்டுக்கொண்டார். இந்தத் தடவை இன்னொரு வாட்டி படி என்று கேட்கவில்லை. வண்டி ஏறிப் போனார்.

நான் கட்டை அனுப்பிவைத்தேன். பிரிந்து விழாமல் இருக்கட்டும் என்று அப்பாவின் கழிவுப் பட்டு நூலை முறுக்கி, பாவுக்குப் போடும் முடியாகப் போட்டுக் கட்டினேன். எழுபதுகளில் ஒரு நாள், வேலை பார்த்ததற்கு ஒரு சான்றிதழ் வாங்கப் பேராசிரியரின் துறைக்குப் போனேன். பட்டியலை மட்டும் வைத்து அவர் புத்தகமே எழுதி முடித்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே உடைந்த நாற்காலிகளோடு கட்டுக் கட்டாகக் காகிதம் கிடந்தது. என் கட்டு எது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. தூசிக்கு அடியில் பட்டு நூல் மினுங்கியது. குனிந்து பார்த்தேன். நான் போட்ட முடி போட்டபடியே இருந்தது. ஒருத்தரும் அவிழ்க்கவில்லை, ஒருத்தரும் எண்ணவில்லை.

அந்த ஒரு காகிதத்தை அக்காவிடம் கொடுத்திருக்கலாம்.